யார் தட்டில் எந்த எண்ணெய்?

ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் தருகிறார்கள். விலை 25 ரூபாய். ஒரு லிட்டர் எண்ணெய் எடையில் 910 கிராம் வரும். நாலு பேர் உள்ள வீட்டில் முப்பது நாளைக்கு அதைப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழரை கிராம். ஒன்றரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் சமையல் எண்ணெய் போதும், ஆணுக்கு 25. வெயிலில் உடலை வருத்தி உழைக்கிற பெண்ணுக்கு 30, ஆணுக்கு 40. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 30.

நிதி ஆயோக் 2024-இல் வெளியிட்ட அறிக்கை வேறொரு எண்ணைச் சொல்கிறது. இந்தியாவில் தலைக்கு ஆண்டொன்றுக்கு 19.7 கிலோ சமையல் எண்ணெய் செலவாகிறது. 365 நாளால் வகுத்துப் பாருங்கள், 54 கிராம். கைக்குழந்தையையும் படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழவியையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி.

ஒரு பக்கம் ஏழரை, இன்னொரு பக்கம் ஐம்பத்து நாலு. எண்ணெயைப் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பிரதமர் மோடி 2025 பிப்ரவரியில் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். உடல் பருமன் கூடிக்கொண்டே போகிற நாட்டில் கேட்கவேண்டிய வேண்டுகோள்தான். ஆனால் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சொல்லிவிட முடியுமா? கன்னிவாடி பக்கம் வந்து பார்த்தால் அந்த வரிசை எப்படிக் கலைகிறது என்பது தெரியும்.

அடிவாரத்து அடுப்புகள்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. ஒருகாலத்தில் பாளையக்காரர் ஊர், இன்று பேரூராட்சி. இங்கிருந்து மேலே ஏறினால் பன்றிமலை, ஆடலூர். கீழே இறங்கினால் ரெட்டியார்சத்திரம், அப்படியே நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒருபுறம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், மறுபுறம் திண்டுக்கல் பிரியாணிக் கடைகள். அரை மணி, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் எத்தனை விதமான சாப்பாட்டு முறைகள் இருக்கின்றன என்பது வியப்பூட்டும் விஷயம்.

காட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரமாக ஊறுகாய். எண்ணெய் என்று உள்ளே போனது காலையில் தாளித்தபோது ஊற்றிய ஒரு கரண்டிதான். அதுவும் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து. களை எடுக்கவும் காய் பறிக்கவும் வேண்டிய தெம்பு முழுவதும் அரிசியிலிருந்தே வரவேண்டும். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிற பெண்ணின் நிலையும் ஏறக்குறைய இதுதான். டீயும் வடையும் கூடுதல்.

அதே ஊரில் கடை வைத்திருப்பவர், ஓய்வு பெற்றவர், நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர் ஆகியோரின் சமையலறையில் எண்ணெய் பற்றி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. காலையில் நெய் தோசை, தேங்காய்ச் சட்னி, மாலையில் முறுக்கோ மிக்சரோ, ஞாயிற்றுக்கிழமை மட்டன். கொழுப்பு என்றால் சட்டியில் ஊற்றுகிற எண்ணெய் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பச்சைத் தேங்காய் நூறு கிராமில் நாற்பது கிராம் வரை கொழுப்புதான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் ஆறு சதவீதம், பச்சையில் நாலரை, நீலத்தில் மூன்று. 2023-இல் பச்சை பாக்கெட்டை நிறுத்தி மூன்றரை சதவீதப் பாலைக் கொண்டுவரப் போகிறார்கள் என்றதும் எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்பது நினைவிருக்கும். கெட்டிப் பாலில்தான் காபி என்கிற பழக்கம் அவ்வளவு ஆழமானது.

இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற எண்ணெயையும் தெரியாத கொழுப்பையும் கூட்டித்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் ஒரு கணக்குத் தந்தது: நகரத்தில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 51.6 கிராம் கொழுப்பு சாப்பிடுகிறார், கிராமத்தில் 36 கிராம். உடலால் கூடுதலாக உழைப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

கன்னிவாடிக்கு மேலே, மலையில் வாழும் பளியர்களின் கதை இன்னும் வேறு. வள்ளிக்கிழங்கும் தேனும் காட்டுக் கீரைகளும் அவர்களுடைய பழைய உணவு. இயல்பிலேயே கொழுப்பு குறைந்த சாப்பாடு அது. ஆனால் வகைவகையான சத்துகள் அதில் இருந்தன. இப்போது காடு சுருங்கிப்போய், ரேஷன் அரிசி முக்கிய உணவாகிவிட்டது. கிழங்கு போன இடத்தில் வெள்ளைச் சோறு வந்தது. எண்ணெய் மட்டும் அதே ஒரு பாக்கெட். அவர்களிடம் போய்ப் பத்து சதவீதம் குறையுங்கள் என்று யார் சொல்வது?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் உடல் எடை கூடியவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதே ஆய்வில் பெண்களில் 12.6 சதவீதம், ஆண்களில் 12.1 சதவீதம் பேர் எலும்பும் தோலுமாக, இருக்கவேண்டிய எடைக்குக் கீழே இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் வசிக்கிறது. சில வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழேயே வசிக்கிறது.

செக்கிலிருந்து பாக்கெட்டுக்கு

எவ்வளவு என்பது பாதிக் கதை. எது என்பது மீதி. என்னைக் கேட்டால் அந்த மீதிதான் பெரிது.

இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு இந்த வறண்ட பூமியில் மானாவாரிக் கடலையும் எள்ளும்தான் எண்ணெய். வாகை மரச் செக்கில் மாட்டைப் பூட்டி ஆட்டுவார்கள். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நெருக்கமான பெயர் ஒன்று இங்கே வந்தாகவேண்டும்: ஜே.சி. குமரப்பா. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர், கடைசிக் காலத்தில் தே.கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். ஆலை எண்ணெய்க்கும் வனஸ்பதிக்கும் எதிராகச் செக்கின் பக்கம் நின்றவர்களில் முன்னவர். புதிதாக ஆட்டிய எண்ணெய் கிராமத்தானுக்குக் கிடைக்கும், பிண்ணாக்கு அங்கேயே தங்கும், காசும் அங்கேயே சுற்றும் என்பது அவருடைய பொருளாதாரம். அன்று அதைப் பிற்போக்கு என்றவர்கள் உண்டு. வனஸ்பதி விஷயத்தில் காலம் அவர் பக்கம் சாய்ந்தது.

1937-இல் வந்த டால்டா, நெய் வாங்க முடியாத வீடுகளுக்கு நெய்யின் இடத்தைப் பிடித்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி உறையவைப்பதுதான் அதன் தொழில்நுட்பம். அந்த வேலையில் டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதையும் இறக்கிவிடும். வேறெந்தக் கொழுப்பும் இரண்டையும் ஒருசேரச் செய்வதில்லை. பேக்கரி பப்ஸ், கேக், பரோட்டாக் கல் என்று அது எங்கும் பரவிக் கிடந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் அதை மூன்று சதவீதத்துக்கும், 2022 ஜனவரியில் இரண்டு சதவீதத்துக்கும் கட்டுப்படுத்தியது. நல்ல சட்டம். எண்பத்தைந்து ஆண்டு தாமதம்.

பாமாயில் வந்த வழி வேறு. 1994-இல் இறக்குமதிக் கதவு திறந்தது. எண்ணெய்ப் பனை ஒரு ஹெக்டேரில் மூன்று நாலு டன் எண்ணெய் தரும். கடலை ஒரு டன்னுக்குக் கீழேதான் தரும். விலையில் கடலை எப்படிப் போட்டி போடும்? இன்று நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது; அதில் பெரும்பங்கு இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில். 2007-இல் தமிழக அரசு சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பருப்போடு பாமாயிலையும் சேர்த்தது. விலைவாசி ஏறிக்கிடந்த நேரத்தில் அது ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றியது என்பதை மறுக்கமுடியாது. 2022-இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது. அந்த ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே சில வாரங்களுக்கு நிறுத்தியது. கன்னிவாடி மளிகைக் கடையில் ஒரு லிட்டர் பாக்கெட்டின் விலையை ஜகார்த்தாவில் தீர்மானிக்கிறார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது.

இதற்கிடையில் தமிழ்நாட்டில் கடலைச் சாகுபடிப் பரப்பு 1990-ஐ ஒட்டிய காலத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

தென்னை விவசாயிகள் கோபித்துக்கொள்ளலாம்

எண்ணெய்களைச் சத்து நோக்கில் பிரித்துச் சொல்ல ஒரு எளிய வழி, அவற்றில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பது. அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். நல்லெண்ணெயில் அது சுமார் 15 சதவீதம். கடலெண்ணெயிலும் தவிட்டெண்ணெயிலும் 20-ஐ ஒட்டி. ரேஷனில் வருகிற பாமாயிலில் நாற்பதுக்கும் மேல். நெய்யில் அறுபதைத் தாண்டும். தேங்காய் எண்ணெயில் தொண்ணூறு.

ரேஷனில் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் பல ஆண்டாகக் கேட்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்திலும் தென்னை பெரிய பயிர். அவர்களுடைய வருமானக் கவலை நியாயமானது. ஆனால் உடல்நலத்தைக் காரணமாகக் காட்டி அந்தக் கோரிக்கையை ஆதரிக்க முடியாது. 2020-இல் ‘சர்குலேஷன்’ மருத்துவ இதழில் 16 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமார் பத்து மில்லிகிராம் ஏற்றுகிறது என்று கண்டது. நல்ல கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏறுகிறது என்பது உண்மை. அது அந்தப் பாதிப்பை ஈடுகட்டும் என்பதற்குச் சான்று இல்லை. சட்னிக்குத் தேங்காய் அரைப்பதை யாரும் விடவேண்டியதில்லை. நாள்தோறும் பொரிக்கவும் தாளிக்கவும் ஊற்றுகிற எண்ணெய்க்குக் கடலையும் எள்ளுமே மேல்.

கொழுப்பை மட்டும் குற்றவாளியாக்கினால் கதை தப்பிப்போகும். அதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1960-களில் எஸ்.எல். மல்கோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், நாடு முழுதும் உள்ள ரயில்வே ஊழியர்களின் மாரடைப்புச் சாவுகளை ஒப்பிட்டார். பஞ்சாபியர்கள் நெய்யும் பாலும் தயிருமாக, தென்னிந்தியர்களைவிடப் பல மடங்கு கொழுப்பு சாப்பிட்டார்கள். ஆனால் மாரடைப்பு தெற்கேதான் ஏழு மடங்கு. 1967-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது பெரிய விவாதம் கிளம்பியது. புகைப்பழக்கம், உடலுழைப்பு, நோயைப் பதிவு செய்த முறை என்று பல ஓட்டைகள் பின்னால் சுட்டிக்காட்டப்பட்டன. நெய்யை ஊற்றிச் சாப்பிடலாம் என்பதற்கு அந்த ஆய்வு அனுமதிச் சீட்டு இல்லை. ஆனால் கொழுப்பு குறைந்த தென்னிந்தியச் சாப்பாடு தானாகவே இதயத்தைக் காத்துவிடாது என்பதை அது அன்றே காட்டிவிட்டது.

இப்போதைய விடை சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆர்-உம் சேர்ந்து நாடு முழுதும் நடத்திய ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின் உணவு முடிவுகள் 2025-இல் வெளியாயின. இந்தியர்களின் மொத்தச் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்தக் கொழுப்பு 30 சதவீத வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு, நாலு மாநிலங்கள் தவிர மற்ற எல்லா இடத்திலும் அளவைத் தாண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று இதே ஆய்வு 2023-இல் சொன்னது. அதாவது நம் நோய்க்கு எண்ணெயின் அளவு மட்டும் காரணமில்லை. வெள்ளை அரிசி மலையும், அதோடு சேர்கிற தப்பான கொழுப்பும். எண்ணெயைக் குறைத்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் ஒரு பயனும் இல்லை. அந்த இடத்தில் பருப்போ முட்டையோ ஒரு கைப்பிடி அவித்த கடலையோ வரவேண்டும். ஒமேகா-3 விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். அதற்கு மலிவான வழி மத்தி மீன். வஞ்சிரத்துக்குக் கொடுக்கிற காசில் பாதிகூட வேண்டாம்.

வடைச்சட்டி

சாயங்காலம் நாலரை மணிக்கு எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் அடுப்பு மூண்டுவிடும். அகலமான வடைச்சட்டியில் எண்ணெய் முக்கால்வாசி. முதல் ஈடு பஜ்ஜி பொன்னிறமாக வரும். நாலாவது ஈட்டுக்கு ஓரத்தில் நுரை கட்டும். மாவுத் துணுக்குகள் அடியில் கருகி, புகை கண்ணைக் கரிக்கும். குறையக் குறையப் புதுப் பாக்கெட்டை வெட்டி ஊற்றுவார்களே தவிர, பழையதைக் கொட்டுவதில்லை. கொட்டினால் அன்றைய லாபம் போச்சு. இரவு மிச்சத்தை வடிகட்டி டின்னில் மூடி வைத்தால், மறுநாள் அதுதான் முதல் எண்ணெய்.

வீட்டிலும் இதேதான். அப்பளம் பொரித்த எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து மறுநாள் குழம்புக்குத் தாளிக்காத வீடு எது? அதைச் சிக்கனம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு முறை பொரித்ததை அடுத்த நாளே தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டால் பெரிய பாதகமில்லை. திரும்பத் திரும்பப் புகைய வைப்பதில்தான் ஆபத்து. எண்ணெய் சிதைந்து, ரத்தக் குழாயைக் கெடுக்கிற சேர்மங்கள் உருவாகின்றன. எண்ணெய் கெட்டதைக் காட்டும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். கழித்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டமும் அந்த ஆண்டே வந்தது. பெரிய உணவகங்கள் அதற்குள் வந்திருக்கின்றன. தள்ளுவண்டி வடைக்காரரிடம் நாளுக்கு ஒரு லிட்டர் கழிவெண்ணெய் சேரும். அதை வாங்க யார் வருகிறார்கள்? அவரை அபராதம் போட்டு மிரட்டுவதைவிட, வாரம் ஒரு நாள் டின்னோடு வந்து நியாயமான காசு கொடுத்து எடுத்துப்போகிற ஆளை அனுப்பினால் சட்டி தானாகச் சுத்தமாகும். அந்த வடையைப் பசிக்காகச் சாப்பிடுகிறவர்கள் கூலிக்காரர்களும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும். நாட்டின் 54 கிராமில் அவர்கள் பங்குக்கு வருவது பெரும்பாலும் இந்த எண்ணெய்தான்.

பிள்ளைகளின் பங்கு

தாய்ப்பாலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. குழந்தையின் மூளை வளர்வதே அந்தக் கொழுப்பை வைத்துத்தான். ஆறு மாதம் முடிந்ததும் ஏழை வீட்டில் அந்தக் குழந்தைக்கு எது போகிறது? குழைந்த சோறும் ரசமும், அல்லது தண்ணீராகக் கரைத்த கஞ்சி. பாதியில் இருந்த கொழுப்பு ஒரேயடியாக ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. வயிறு நிறைந்துவிடும், தேவையான சக்தி போய்ச் சேராது. சத்துமாவுக் கஞ்சியில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால் அந்தக் கிண்ணத்தின் பலமே மாறிவிடும். முருங்கைக்கீரையை எண்ணெயே இல்லாமல் வேகவைத்துக் கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் ஏ சத்தில் பெரும்பகுதி உடலில் சேராமல் போகிறது. அது கொழுப்போடு சேர்ந்துதான் உள்ளே போகும். எண்ணெயைக் குறை என்கிற பிரச்சாரம் இந்தத் தாய்மார்களின் காதில் விழுந்து, குழந்தைக் கிண்ணத்திலும் குறைத்துவிடுவார்களோ என்பது என்னுடைய உண்மையான பயம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் அரசின் கை நீளுகிறது. காமராஜர் 1956-இலும் எம்.ஜி.ஆர். 1982-இலும் போட்ட பாதையில், 2022-இலிருந்து காலை உணவும் சேர்ந்திருக்கிறது. மதிய உணவுக்கு ஒன்றிய அரசின் விதி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஐந்து கிராம் எண்ணெய், நடுநிலைப் பள்ளியில் ஏழரை. சட்டியில் ஊற்றுவது இங்கும் வைட்டமின் சேர்த்த பாமாயில்தான்.

ரேஷன் பாமாயிலை முழுக்கக் கடலெண்ணெயாக மாற்றிவிடலாமே என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் கை நடுங்கும். இரண்டு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால் ஆண்டுக்கு 24 கோடி லிட்டர், எடையில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். தோலோடு நூறு கிலோ கடலையில் எண்ணெய் முப்பது கிலோ தேறினால் பெரிது. ஆக ஏழு லட்சம் டன்னுக்கு மேல் கடலை வேண்டும். தமிழ்நாட்டின் மொத்த விளைச்சலே பத்து லட்சம் டன்னை ஒட்டித்தான். ஒரே நாளில் நடக்காது.

சத்துணவை எடுத்துக்கொண்டால் கதை வேறு. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஆளுக்குச் சராசரி ஆறு கிராம், ஆண்டுக்கு 220 பள்ளி நாள். ஐயாயிரத்துச் சொச்சம் டன் எண்ணெய் போதும். அதற்குத் தேவை ஏறக்குறைய 20,000 டன் கடலை. மாநில விளைச்சலில் ஐம்பதில் ஒரு பங்கு. கன்னிவாடியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து விவசாயிகளோடு வேலை செய்திருக்கிறது. ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் விதை உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து பழகியவர்கள். இப்படி ஒரு வட்டாரத்துக்கு ஒரு குழு கடலையை வாங்கி, அங்கேயே ஆட்டி, அந்தந்த ஒன்றியத்துப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் டின்னில் கொடுக்க முடியும். கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் ஒரு லிட்டர் சேர்க்கலாம். மலைக்கு மேலே பளியர் குடியிருப்புகளுக்கு மாதம் இரண்டு பாக்கெட் கடலெண்ணெய் அனுப்பலாம். அந்த அட்டைகளின் எண்ணிக்கைக்கு அரசுக்கு ஆகிற செலவு பட்ஜெட்டில் தனி வரியாகக்கூடத் தெரியாது. அடுத்த ஆண்டு மானியக் கோரிக்கையில் சமூக நலத் துறை இதைக் கேட்கவேண்டும்.